ஒற்றைப் பிடி பிரேக்

காலை 6.20. தாம்பரம் மேம்பாலத்தின் இறக்கத்தில் ஜெரோம் செத்துக் கிடந்தார். தலை சுவரில் மோதியிருந்தது. சற்றுத் தள்ளி அவரே செய்த சைக்கிள். சுற்றி நின்ற கூட்டம் அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டது: நல்ல கம்பெனி வண்டியை வாங்காமல் சொந்தமாகச் செய்து ஓட்டினால் இப்படித்தான் ஆகும்.

இன்ஸ்பெக்டர் சத்யபிரியாவுக்கு நடுரோட்டுத் தீர்ப்புகள் என்றாலே எரிச்சல். அவள் குனிந்து வண்டியைப் பார்த்தாள். ஒரு கை மட்டும் உள்ளவர்கள் ஓட்டுவதற்காக ஜெரோம் மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கிய வண்டி அது. ஒரே பிடி, அதை அழுத்தினால் ஒரே வயர் முன்னும் பின்னும் உள்ள இரண்டு பிரேக்குகளையும் இழுக்கும். அந்த வயர் பிடிக்குள் அறுந்திருந்தது.

"அது அறுந்து பூட்டா ரெண்டு பிரேக்கும் காலி மேடம். டிசைனே தப்பா கீது," என்றார் ஏட்டு வேதசிரோமணி.

"சரி. பளபளன்னு புது வயர். அது ஏன் அறுந்துச்சு?"

அவள் வயரை மறுமுனை வரை தடவிப் பார்த்தாள். பிரேக் வயரின் மறுமுனையில், கம்பி இழைகள் பிரியாமலிருக்க, சின்ன அலுமினிய மூடி ஒன்று நசுக்கிப் போடப்பட்டிருந்தது. அதே வண்டியின் கியர் வயர் நுனியில் மூடி இல்லை, ஈயப்பற்று வைத்திருந்தது. சத்யபிரியா இரண்டையும் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

9.15. சேலையூர் கேம்ப் ரோட்டில் ஜெரோமின் கடை. அந்தப் பக்கத்தில் சொந்தமாக வண்டி செய்து விற்ற கடைகளில் மிச்சமிருந்தது இது ஒன்றுதான். மற்றவை கண்ணாடி ஷோரூம்களாகிவிட்டன. அங்கே எல்லா வண்டியும் ஒரே அச்சு, கலரை மாற்றிவிட்டால் புது மாடல். இங்கே ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. ஆனால் தொங்கிய வண்டிகள் எல்லாவற்றிலும் வயர் நுனியில் ஈயம்தான் இருந்தது.

ஜெரோமின் மனைவி செல்வமேரி அழாமல் உட்கார்ந்திருந்தாள். மூடி என்றைக்காவது கழன்று விழுந்து கம்பி பிரிந்து கையைக் குத்தும் என்று அவர் மூடியே போட மாட்டாராம். புது வண்டியை விடியற்காலையில் பாலத்து இறக்கத்தில் ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம் என்றும் சொன்னாள்.

"அவர் செஞ்ச பிரேக்தான் அவரைக் கொன்னுதுன்னு மட்டும் எழுதிடாதீங்க மேடம். எங்க பொண்ணு ஜீவிதா அவர் செஞ்ச வண்டியிலதான் ஸ்கூலுக்குப் போறா."

கடையின் பார்ட்னர் தேவானந்தம். ஜீவிதாவின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவரும் அவர்தான். அழுது அழுது கண் சிவந்திருந்தது.

"நேத்து கடையைப் பூட்டினது?"

"நான்தான். ஜெரோம் ஜெபக் கூட்டத்துக்குச் சீக்கிரமே கிளம்பிட்டான்."

"சாவி?"

"அவன்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு."

"அந்த வண்டியில நீங்க கை வெச்சீங்களா?"

"யாரையும் தொட விடமாட்டான் மேடம். போன மாசம் பூரா நான் கீழ்க்கட்டளை ஷோரூம்ல ட்ரெயினிங்ல இருந்தேன்."

ஒரு பெரிய கம்பெனி இந்தக் கடையைத் தன் ஷோரூமாக்கக் கேட்டிருந்தது, இரண்டு பார்ட்னர்களும் கையெழுத்துப் போட வேண்டும், ஜெரோம் ஒரேயடியாக மறுத்துவிட்டார். இதையும் தேவானந்தம் ஒளிக்காமல் சொன்னார்.

11.40. அந்தக் கம்பெனியின் கீழ்க்கட்டளை ஷோரூம். அங்கிருந்த வண்டிகளில் ஒன்றுவிடாமல் வயர் நுனியில் அலுமினிய மூடி. மூடி போடாமல் ஒரு வண்டியும் வெளியே போகக்கூடாது, முதல் நாளே சொல்லிவிடுவோம் என்றாள் ட்ரெயினிங் கொடுக்கும் ஜாஸ்மின். ஒரு வாரத்தில் யோசிக்காமலே கை அதைச் செய்யுமாம்.

மாலை, ஸ்டேஷன். சத்யபிரியா இரண்டு போட்டோக்களையும் தேவானந்தத்தின் முன்னால் வைத்தாள்.

"புது வயரைப் பாதிக்கு மேல ராவி, அந்த இடம் பிடிக்குள்ள மறையுற மாதிரி மாட்டியிருக்கீங்க. லென்ஸ்ல அரத்தோட கீறல் தெரியுது. மெதுவாப் பிடிச்சா தாங்கும், இறக்கத்துல இறுக்கிப் பிடிச்சா அறும். எல்லாம் சரி. மிச்ச வயரை வெட்டினதும் கை சும்மா இருக்கல, மூடியைப் போட்டுடுச்சு. கடைச் சாவி ரெண்டு பேர்கிட்டதான். ஜெரோம் மூடி போடுறவர் இல்ல."

தேவானந்தம் போட்டோவில் தெரிந்த மூடியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சாகணும்னு செய்யல மேடம். விழுவான், கை கால் உடையும், டிசைன் மேல இருக்கிற பைத்தியம் விடும், கையெழுத்துப் போடுவான்னு நெனச்சேன். எப்படியும் கடை மூடத்தான் போகுது."

"கடைதானே மூடியிருக்கும்," என்றாள் சத்யபிரியா.

செல்வமேரியிடம் விஷயத்தைச் சொல்ல அவளே போனாள். பிரேக்கில் குற்றமில்லை, வயரை வேண்டுமென்றே ராவியிருக்கிறார்கள், அப்படியே எழுதியாகிவிட்டது என்றதும் செல்வமேரி கண்ணை மூடிக்கொண்டாள். அதன் பிறகுதான் யார் என்று கேட்டாள். சத்யபிரியா பெயரைச் சொன்னாள்.

செல்வமேரி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள்.

"மத்தியானம் சவப்பெட்டி எடுக்க அவர்தான் கூட வந்தார் மேடம்," என்றாள். "அடிப்பலகை தாங்குமான்னு தட்டித் தட்டிப் பார்த்து, நல்லதா எடுத்துக் குடுத்தார்."