பூனை இறங்கிப் போன பெட்டி

பகல் ஒரு மணிக்குத் துப்பறிவாளரைத் தேடி வந்த பெண் நாற்காலியில் உட்காரவில்லை, விழுந்தார். ஊர் வானொலியில் பதினொரு வருடமாக அறிவிப்பாளர். அந்தக் குரல் அன்று கம்மிப்போயிருந்தது.

“அக்கா மகளுக்கு இதய ஆபரேஷன், சார். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பணம் கட்டலேன்னா அந்தத் தேதி வேற ஆளுக்குப் போயிடும். அடுத்தது நாலு மாசம் கழிச்சு. அதுவரைக்கும் தாங்காதுன்னுட்டார் டாக்டர். வீட்டு ஆளுங்க எல்லாம் ஆஸ்பத்திரில. நான் காலையில ஆறு மணிலேருந்து மைக்ல கெஞ்சினேன். ஒரு போன் வரல. பன்னெண்டு மணிக்கு மனசு விட்டுப்போய், ‘கல்நெஞ்சுக்காரங்களா, நல்லா இருங்க’ன்னுட்டேன். அடுத்த நிமிஷம் முப்பது போன். எல்லாம் வசவு. அதுவரைக்கும் யாரோ போனைத் தடுத்து வெச்சிருக்காங்க.”

“போட்டிக்காரன் வேலைதான், அத்தான்,” என்றான் துப்பறிவாளரின் மச்சினன். வீட்டில் பால் திரிந்தாலும் அவனுக்குப் போட்டிக்காரன் வேலைதான்.

துப்பறிவாளர் கேட்டது ஒன்றே ஒன்று. “திட்டினவங்கள்ல ஒருத்தராவது குழந்தையைப் பத்திப் பேசினாங்களா?”

அறிவிப்பாளர் யோசித்தார். “இல்ல. ‘நாங்க என்ன பண்ணோம்’னுதான் கேட்டாங்க.”

அவர்கள் போய்ப் பார்த்த வானொலி நிலையம் மொத்தமே இரண்டு அறை. போனைக் கழற்றிப் பார்த்த மச்சினனின் முகம் தொங்கிப்போயிற்று. அதில் ஒரு கோளாறும் இல்லை. எஞ்சினியர் அறையில், குரலை ஊருக்கு அனுப்புகிற டிரான்ஸ்மிட்டர் பெட்டியின் மேல் ஒரு பூனை சுருண்டு கிடந்தது.

“சூடா இருக்கும்னு எப்பவும் அங்கதான் படுக்கும்,” என்றார் அறிவிப்பாளர். “இன்னிக்குக் காலையில மட்டும் என் மடியை விட்டு இறங்கல. என் துக்கம் அதுக்காவது புரிஞ்சுதேன்னு நினைச்சேன்.”

துப்பறிவாளர் எஞ்சினியர் பக்கம் திரும்பினார். “பெட்டி எப்போ ஆறிப்போச்சு?”

எஞ்சினியர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “ஆறு மணிக்கே. பத்து நிமிஷத்துல சரி பண்ணிடலாம்னு நினைச்சேன்மா. பத்து நிமிஷம் ஒரு மணி நேரமாச்சு. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு உங்ககிட்ட சொல்றது? அடிக்கடி ரிப்பேராகிப் படுத்துக்கற பெட்டிதானே, ஊர்லயும் யாரும் கேக்கல. பன்னெண்டுக்குத்தான் உயிர் வந்துது.”

“ஹெட்போன்ல என் குரல் கேட்டுதே?”

“அது மைக்லேருந்து நேரா உங்க காதுக்கு வர்றது,” என்றார் துப்பறிவாளர். “ஊருக்குக் கேட்டது கடைசி ஒரு வரிதான். அதனாலதான் அவங்களுக்குக் குழந்தை விஷயமே தெரியல.”

திருடனைப் பிடித்திருந்தால் ஒரு திருப்தியாவது இருந்திருக்கும். இங்கே பிடிபட்டது ஒரு நல்ல மனிதரின் கூச்சம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மணி மூன்று. “இப்பவாவது சொல்லுங்கக்கா,” என்று மச்சினன் அவரை மைக் முன்னால் உட்காரவைத்தான். அவர் மன்னிப்புக் கேட்டார். நடந்ததைச் சொன்னார். குழந்தையின் வயதை இரண்டு முறை சொன்னார்.

துப்பறிவாளர் தெருவில் போய் நின்றார். எதிர்த் தையல் கடை ரேடியோவில் அறிவிப்பாளரின் குரல் கணீரென்று வந்தது.

“மத்தியானம் நம்மளைத் திட்டினவதானே இது?” என்று தையல்காரர் ரேடியோவை அணைத்தார்.

துப்பறிவாளர் உள்ளே திரும்பிவந்து போன் பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டி சூடாகவே இருந்தது, பூனை இறங்கவில்லை. ஐந்து மணி வரை போன் அடிக்கவில்லை.