சுவருக்கு அந்தாண்ட

வயர் இரண்டு முறை சுண்டி இழுபட்டதும் பூவிழி பிடியைத் தளர்த்தி இன்னும் ஒரு முழம் உள்ளே விட்டாள். காலையில் பேசி வைத்துக்கொண்டது அதுதான். இன்டர்நெட் லைன் போட வந்த ராஜாக்கண்ணு பின்னறையில் நின்று இரண்டு தரம் இழுப்பான், முன்னறையிலிருந்து இவள் சுவர் ஓட்டைக்குள் வயரை விடவேண்டும். ஓட்டின் மேல் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. துளை போட்ட இடத்திலிருந்து பழைய மண்ணின் வாடை, பூட்டியே கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு வாடை வந்துகொண்டேயிருந்தது. மறுபடி இரண்டு இழுப்பு. இவள் விட்டாள். மறுபடி. 'சீக்கிரம் ஆகட்டும்டா சாமி' என்று அவள் முணுமுணுத்தபோது, வெளியே தெருக் கம்பத்தின் உச்சியிலிருந்து ராஜாக்கண்ணுவின் குரல் கேட்டது.

"யக்கா! மோடத்துல பச்ச லைட்டு எரியுதா பாருங்க!"

அவள் கையில் வயர் இரண்டு முறை இழுபட்டது.

பூவிழிக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அவளுக்கு எப்போதும் கோபம்தான் முதலில் வரும், மற்றதெல்லாம் அதன் பின்னால் மெதுவாக வரும். எந்தக் களவாணிப் பயலோ பின்னறைக்குள் புகுந்து விளையாடுகிறான் என்று நினைத்தாள். வயரைக் கீழே போட்டுவிட்டு, விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, மழையில் வீட்டைச் சுற்றி ஓடினாள். முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் வாசல் கிடையாது. பின்னறை ஒரு காலத்தில் ஆடு கட்டிய இடம், அதற்குக் கொல்லைப் பக்கமாகத்தான் கதவு.

கதவில் பூட்டு தொங்கியது. சாவி அவள் இடுப்பில் இருந்தது. காலையில் அந்தப் பக்கத் துளை போட்டு முடித்ததும் அவளேதான் பூட்டினாள். அதற்குப் பிறகு ராஜாக்கண்ணு வந்து சாவி கேட்கவே இல்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

திறந்து பார்த்தாள். மேசை, நாற்காலி, பிளாஸ்டிக் உறை போட்ட கம்ப்யூட்டர். ஆள் இல்லை. சுவரில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு அந்தத் துளை. அதிலிருந்து வயர் வெளியே வரவே இல்லை. ஒரு முழம் தடிமன் உள்ள கல்மண் சுவர் அது. அவள் அதற்குள் விட்டது பத்துப் பன்னிரண்டு முழமாவது இருக்கும்.

ராஜாக்கண்ணு ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டுச் சொட்டச் சொட்ட முன்னறைக்கு வந்தான். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். "உள்ளாற எங்கனா பொந்து இருக்கும்க்கா, அதுல சுருட்டிக்கினு கெடக்கும்" என்று வயரைப் பிடித்து இழுத்தான். சிரிப்பு நின்றுவிட்டது. நெருப்பைத் தொட்டவன் போலக் கையை உதறினான்.

"இன்னாடா?"

"ஒண்ணும் இல்லக்கா." அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். டிரில்லிங் மெஷினைச் சாக்கில் சுற்றாமல் அப்படியே அக்குளில் இடுக்கினான். "நாளைக்கு இன்னோரு ஆள இட்டுக்கினு வர்றேன். நீங்க அத்தத் தொடாதீங்க."

"நாளைக்கு வந்து இன்னாடா கிழிக்கப் போற? நாலு மணிக்கு எனக்கு டெஸ்ட்டு! பாதியில வுட்டுட்டுப் போறியே, நீயெல்லாம் சோத்துல உப்பு போட்டுத்தான் துன்றியா?"

அவன் வண்டியை உதைத்து ஜமுனாமரத்தூர்ப் பக்கம் பனிக்குள் போய்விட்டான். ஏணியைக்கூட எடுக்கவில்லை.

பூவிழி வாசலில் நின்று, அவன் காதில் விழாது என்று தெரிந்தும், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டித் தீர்த்தாள். அவனை மட்டுமா? மலைப்பாதையில் வண்டியோடு விழுந்து செத்துப்போன புருஷன் சிவசங்கரைத் திட்டினாள். தாலி இறங்கிய மறுமாதமே ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகவேண்டி வந்த விதியைத் திட்டினாள். எல்லாரையும்விட அதிகமாகக் காந்தாவைத் திட்டினாள்.

காந்தா அவளுடைய ஓரகத்தி, புருஷனின் அண்ணன் ஜீவானந்தத்தின் மனைவி. பூவிழி ஆம்பூர் ஹாஸ்டலில் கிடந்த வருஷமெல்லாம் அவளுடைய மகள் தர்ஷினி ஜமுனாமரத்தூரில் அந்த வீட்டில்தான் வளர்ந்தாள். சோறு போட்டார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் போன பொங்கலுக்குப் பூவிழி ஊருக்கு வந்தபோது, பெண் காந்தாவை அம்மா என்று கூப்பிட்டது. பெற்றவளைப் பார்த்து, "நீங்க எப்பங்க ஊருக்குப் போவீங்க?" என்று கேட்டது. நீங்க, போங்க, வாங்க! பெற்ற வயிறு பற்றி எரியாதா?

வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று சென்னைக் கம்பெனியில் இருந்தது. மருத்துவமனைப் பதிவுகளைத் தட்டச்சு செய்கிற வேலை. மேசைக் கம்ப்யூட்டர் வேண்டும், வயர் வழியாக வருகிற பைபர் லைன் வேண்டும், மூடிய தனி அறை வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அரை மணி நேரப் பரீட்சை. நடுவில் லைன் போனாலோ, நாற்காலியை விட்டு எழுந்தாலோ, வேறு ஆளிடம் பேசினாலோ ரத்து. அது கிடைத்தால் தர்ஷினி இந்த வீட்டுக்கு வந்துவிடுவாள். காந்தா வாயாலேயே சொன்ன சொல் அது. "மொதல்ல லைனு வரட்டும், வேல வரட்டும். அப்பறம் உம் பொண்ண நீ இட்டுக்கினு போ" என்று காலையில்கூடப் போனில் இளக்காரமாகச் சிரித்தாள்.

இளக்காரம்! பூவிழி மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

வயர்ச் சுருள் தரையில் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், கிணற்றில் வாளி இறங்கும்போது கயிறு அவிழுமே, அந்த நிதானத்தில் ஒவ்வொரு வளையமாக அவிழ்ந்து, தரையில் உரசி, சுவர் ஏறி, துளைக்குள் போய்க்கொண்டிருந்தது. சரசரவென்ற அந்தச் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. அவள் பாய்ந்து பிடிப்பதற்குள் கடைசி முனையும், மோடத்தில் செருக வேண்டிய அந்தக் கண்ணாடிப் பல் போன்ற முனையும், துளைக்குள் நழுவி மறைந்தது.

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதுவும் ஆத்திரத்தில் வந்த தண்ணீர்தான். துளையில் வாயை வைத்துக் கத்தினாள். "யார்றா அந்தாண்ட? குடுறா எங்கிட்ட! எனக்கு வேலை ஆவணும்!"

சுவர் சற்று நேரம் சும்மா இருந்தது. பிறகு உள்ளே மண் உதிர்கிற சத்தம் பின்னறைப் பக்கமாக நகர்ந்தது.

சுற்றிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். துளையிலிருந்து வயரின் முனை ஒரு சாண் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கேட்டதைக் கொடுத்தது போல.

தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. ஈரமும் இருந்தது. இழுத்தாள், தடையில்லாமல் வந்தது, மேசைவரை வந்தது. புடவைத் தலைப்பில் முனையைத் துடைத்து சிபியுவின் பின்னால் செருகினாள். டக்கென்று பிடித்துக்கொண்டது. அங்கே பச்சை விளக்கு எரிந்தது. திரையில் கம்பெனிப் பக்கம் கண் இமைப்பதற்குள் திறந்தது.

மோடத்தில் இந்த வயரைச் செருகவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அது முன்னறையில் ஆணியில் சும்மா தொங்குகிறது. இந்த வயரின் மறுமுனை வேறு எங்கேயோ, எதிலேயோ செருகியிருக்கிறது. தெரிந்தேதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதில் மாட்டியிருந்தால் எனக்கென்ன? நாலு மணி ஆகப்போகிறது.

"வணக்கம் பூவிழி, நான் கலைவாணி. லைன் ரொம்ப நல்லா இருக்கே! மலை மேலேன்னு சொன்னீங்க?"

"ஆமாங்க மேடம். இன்னிக்குத்தான் போட்டாங்க."

"கேமராவைப் பார்த்தே உட்காருங்க. இப்ப ஆரம்பிக்கலாம்."

ஸ்பீக்கரில் ஒரு டாக்டரின் குரல் ஓடத் தொடங்கியது. பூவிழி தட்டச்சு செய்தாள். ஹாஸ்டலில் இரவெல்லாம் கண்விழித்துப் பழகிய விரல்கள், பிசகாமல் ஓடின. திரையின் ஓரத்தில் நேரம் காட்டும் நீலக்கோடு மெல்ல வளர்ந்தது. மழை தணிந்து, கொல்லையில் பனி இறங்கி, கதவிடுக்கு வழியாகப் புகையாக உள்ளே வந்தது. அப்போது மேசைக்குக் கீழே வயர் நகர்ந்தது.

மெதுவாக, சுவரை நோக்கி. தொய்வாகக் கிடந்த நீளமெல்லாம் குறைந்துகொண்டு வந்தது. இன்னும் இரண்டு முழம் போனால் சிபியுவிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். கைகள் இரண்டும் தட்டச்சில் இருந்தன. பூவிழி காலால் வயரை மிதித்தாள். காலுக்கடியில் அது வழுக்கிக்கொண்டு போனது. கால் கட்டைவிரலால் வளைத்து, கணுக்காலில் ஒரு சுற்றுச் சுற்றி, குதிகாலை நாற்காலிக் காலில் முட்டுக்கொடுத்து நிறுத்தினாள்.

இழுப்பு பலத்தது. வயர் சதையில் இறங்கியது. முகத்தில் எதுவும் தெரியக்கூடாது, கேமரா பார்க்கிறது. இழுடா, இழு. உன்னைவிடப் பெரிய பிசாசுகளை ஷூ கம்பெனியிலும் சொந்தத்திலும் பார்த்தவள் நான். என் பிள்ளையை வாங்குகிற கயிறு இது, இதையா விடுவேன்? பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள். கணுக்காலிலிருந்து சூடாக ஏதோ பாதத்தில் வழிந்தது.

அப்போது தெருப்பக்கம் மோட்டார் பைக் சத்தம் கேட்டது. நின்றது. ஜீவானந்தத்தின் இருமல்.

"உள்ள போய் இரு பாப்பா. உங்கம்மா இங்கதான் இருப்பா. பனி எறங்குது, நான் போய்ட்டு நாளைக்கு வர்றேன்."

காந்தா அனுப்பிவிட்டாள். வேலை வரட்டும் என்று சொன்னவள், வருமுன்பே, வராது என்ற நம்பிக்கையில், வந்து பார்த்துப் பெண்ணே அழுதுகொண்டு திரும்பட்டும் என்று அனுப்பிவிட்டாள். பூவிழிக்கு நெஞ்செல்லாம் கொதித்தது. வண்டிச் சத்தம் தேய்ந்து போனது. முன்னறை வாசலில் சின்னச் செருப்புகளைக் கழற்றும் ஓசை துளை வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"யாருங்க? வூட்ல யாரும் இல்லீங்களா?"

குரல் கொடுக்க முடியாது. வேறு ஆளிடம் பேசினால் ரத்து. இன்னும் கொஞ்ச நேரம்தான், கண்ணு. இன்னும் கொஞ்சமே கொஞ்சம்.

அந்தக் கணத்தில் கணுக்காலில் இழுப்பு நின்றது.

வயர் சோர்ந்து தரையில் விழுந்தது. அப்பாடா என்று இருந்தது பூவிழிக்கு. வலி விட்ட சுகத்தில் விரல்கள் முன்னைவிட வேகமாக ஓடின. நீலக்கோடு முடியப்போகிறது.

"ஐ, வயரு!" என்றது குழந்தை சுவருக்கு அந்தப் பக்கம். "தானா வெளிய வருது!"

பூவிழியின் விரல்கள் ஒரு எழுத்தைத் தவறவிட்டன.

"புடிச்சா, உள்ளாற இருந்து யாரோ இழுக்கறாங்க." சிரிப்பு. "யாரு, நீங்களா? நானும் இழுக்கட்டுமா?"

இல்லை. தொடாதே. சொல்லிவிடலாம். ஒரு சொல். ஒரே ஒரு சொல் போதும்.

கோடு முடியவில்லை. அவள் வாயைத் திறக்கவில்லை.

"ஐயோ, கையில சுத்திக்கிச்சு." இப்போது சிரிப்பில்லை. "வலிக்குதுங்க. வுடுங்க." பிறகு, பூவிழி இத்தனை வருஷம் காத்திருந்த அந்தச் சொல், முதல் தடவையாக, அவளையே நோக்கி, வீறிட்டு வந்தது. "அம்மா!"

நாற்காலி சாய்ந்தது. அதே நொடியில் திரை முழுக்கப் பச்சையானது. "பிரமாதம் பூவிழி! நீங்க செலக்ட் ஆயிட்டீங்க!" என்றாள் கலைவாணி.

பூவிழி கொல்லையில் ஓடிக்கொண்டிருந்தாள். சேறு. பனி. சுவரைத் தடவித் தடவி ஓடினாள். காலில் ரத்தம். மூலை. ஏணி. வாசல்.

முன்னறை.

வாசற்படியில் ஒரு ஜோடிச் செருப்பு. தரையில் பள்ளிக்கூடப் பை. குடையிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆள் இல்லை.

"தர்ஷினி!"

வயரும் இல்லை. சுவர். அதில் அந்தத் துளை. கட்டைவிரல் நுழையும் அளவுதான். அதன் விளிம்பில் மண் உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து கலைவாணியின் குரல் கசிந்தது. "பூவிழி? லைன்ல இருக்கீங்களா?"

"வுடுறா! எம் பொண்ண வுடுறா, நாசமாப் போறவனே!" சுவரைக் குத்தினாள். நகத்தால் பிறாண்டினாள். நகம் பெயர்ந்தது. சுவர் பெயரவில்லை. துளைக்குள் ஆள்காட்டி விரலை விட்டாள். அடிவரை விட்டாள். துழாவினாள்.

சின்ன விரல்கள் அவள் விரலைப் பற்றிக்கொண்டன.

சூடான விரல்கள். உயிருள்ளவை. சந்தைக் கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்க ஒரு பிள்ளை தாயின் விரலைப் பற்றுமே, அந்தப் பிடி. பூவிழி இழுக்கவும் துணியவில்லை, விடவும் முடியவில்லை. கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, "இருக்கேன் கண்ணு, அம்மா இருக்கேன், வுட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான், அந்தப் பிஞ்சு விரல்களின் மேல், இன்னும் ஆழத்திலிருந்து, பெரிய விரல்கள் ஒவ்வொன்றாக வந்து மூடின.