வலப்பக்கம் நின்ற ஆச்சரியக்குறி

"ஐயோ... நூரு!"

புவனேஸ்வரியின் அலறலில் சின்ன காஞ்சிபுரம் கடைவீதியே ஒரு நொடி நின்று போனது.

காலை எட்டு ஐம்பது.

'புவனா டி.டி.பி. சென்டர்' ஷட்டர் பாதி ஏறியிருந்தது. உள்ளே, கம்ப்யூட்டர் முன்னால், நாற்காலியில் ஒரு பக்கமாய்ச் சரிந்து கிடந்தான் நூருல்லா.

வாயோரம் நுரை... நிலைகுத்திய கண்கள்!

மேஜையில் குடித்து முடித்த ஒரு டீ கிளாஸ். கீபோர்டுக்கு அடியில் நாலாய் மடித்த ஒரு காகிதம்.

பிரித்தாள். உருது! அவளுக்கு ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. செல்போனில் அதை ஒரு போட்டோ எடுத்தாள். பிறகு போலீஸுக்குப் போன் செய்தாள்.

ஒன்பது வருஷமாக அந்தக் கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் புவனேஸ்வரி... தமிழ், இங்கிலீஷ். இன்னொன்றில் நூருல்லா... உருது, அரபி. கல்யாணப் பத்திரிகை, பள்ளிவாசல் நோட்டீஸ், வளைகுடாவுக்குப் போகிறவர்களின் பேப்பர்கள் என்று ஆற்காட்டிலிருந்தெல்லாம் அவனைத் தேடி வருவார்கள்.

"அக்கா" என்றுதான் கூப்பிடுவான். கூடப் பிறக்காத தம்பி!

*

இருபது நிமிஷத்தில் ஜீப் வந்தது.

இன்ஸ்பெக்டர் பிரியதர்ஷினி இறங்கினாள். பின்னாலேயே கான்ஸ்டபிள் பழனி. ஒலிமுகமது பேட்டையிலிருந்து நூருல்லாவின் மனைவி ஷம்ஷாத்தை ஆட்டோவில் கூட்டி வந்திருந்தார்கள். பெண்கள் மதரஸாவில் அரபி டீச்சர். அழவில்லை. அழக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

"இதைப் படிக்க முடியுமாமா?" காகிதத்தை நீட்டினாள் பிரியதர்ஷினி.

ஷம்ஷாத் படித்தாள். குரல் மூன்று வரியையும் தாண்டுவதற்குள் மூன்று முறை உடைந்தது.

"'எனக்கு வாழப் பிடிக்கவில்லை! என் சாவுக்கு யாரும் காரணமில்லை! ஷம்ஷாத், என்னை மன்னித்துவிடு!'"

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மேடம். ஆனா... அவரு என்னை ஷம்ஷாத்னு கூப்பிட்டதே இல்ல. ஷம்முனுதான் சொல்வாரு. காலைல தொழுதுட்டு, அர்ஜென்ட் வேலை இருக்குதுன்னு ஆறரைக்குக் கிளம்பினாரு. சிரிச்சிக்கினே போனாரு மேடம்!"

"சாகணும்னு முடிவு பண்ணவங்க சில பேர் சிரிப்பாங்கமா." பிரியதர்ஷினி புவனேஸ்வரி பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட கடைசியா எப்ப பேசினாரு?"

"நேத்து சாயங்காலம் மேடம். வீட்டுக்குப் போனப்புறம் போன் பண்ணான். 'அக்கா, காலைல சீக்கிரம் வந்துடுங்க, ஒரு பேப்பரை உங்களுக்குக் காட்டணும், போன்ல வேணாம்'னான். நான்தான்... வழக்கம்போல லேட்டு!"

"இன்னா பேப்பர்?"

"தெரியல. உமாபதின்னு ஒரு ஏஜென்ட்டு. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புறாரு. அவரோட ஒப்பந்தம்தான் நூரு பண்ணிக்கினு இருந்தான். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் அரபி. ரெண்டும் அவரே எழுதிக் குடுத்தது. ஒன்பது பேர் இன்னிக்கு சாயங்காலம் ஃபிளைட்டு ஏறணும்."

சொல்லி வாய் மூடவில்லை... கடை போன் அலறியது!

புவனேஸ்வரி எடுத்தாள்.

"அக்கா, நான் தாமல் அர்ஜுனன் பேசறேன். ஒப்பந்தம் ரெடியாக்கா? ரெண்டு மணிக்கு ஏரிக்கரைல வேன் வருதுன்னு உமாபதி சார் சொன்னாரு. அம்மா இப்பவே அழுதுக்கினு இருக்குது... பேப்பரைக் காட்டினா கொஞ்சம் தைரியமா இருக்கும்!"

"ரெடி ஆனதும் சொல்றேன்பா." ரிசீவரை வைத்தாள். "ரெண்டு மணிக்கு தாமல் ஏரிக்கரைல வேனாம் மேடம்."

பிரியதர்ஷினி தொப்பியைச் சரிசெய்தாள்.

"பழனி, நான் பாடியோட ஜி.ஹெச்சுக்குப் போறேன். சைபர் ஆளு மதியம் வருவான். அதுவரைக்கும் கம்ப்யூட்டரை யாரும் தொடக்கூடாது. வாசல்லயே நில்லு!"

"ஈ எறும்பு நுழையாது மேடம்!"

*

பத்தரை மணிக்கு தினகரன் வந்தான். புவனேஸ்வரியின் கணவன். நெற்றி நிறைய விபூதி. காலையில் ஏகாம்பரநாதர் கோயிலுக்கு என்று கிளம்பியவன்.

பக்கத்து ஜரிகைக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தான். தோளை அணைத்துக்கொண்டான்.

"அழாத புவனா. இன்னா கஷ்டமோ அவனுக்கு... தண்ணி குடிம்மா."

குடித்தாள். செல்போனை எடுத்து, அந்தக் காகிதத்தின் போட்டோவை மறுபடி பார்த்தாள். நூருவின் கடைசி வரிகள்...

பார்த்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஏங்க... இதை நூரு டைப் பண்ணலை!"

"இன்னா சொல்ற?"

"இந்த ஆச்சரியக்குறியைப் பாருங்க. மூணு வரிலயும் வலது ஓரத்துல நிக்குது."

"நின்னா?"

"உருது வலப்பக்கம் ஆரம்பிச்சு இடப்பக்கம் முடியும். அப்போ வரி முடியற இடம் இடது ஓரம். குறி அங்கதானே வரணும்? இது வரி ஆரம்பத்துல வந்து நிக்குது!"

தினகரன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"அவசரத்துல தப்பா அடிச்சிருப்பான்."

"தப்பா அடிக்க முடியாதுங்க. கம்ப்யூட்டர்தான் இடம் மாத்தி வைக்கும். வேர்டுல, ஒரு பத்தியை வலப்பக்கம் தள்றது வேற. பத்தியோட திசையையே வலமிருந்து இடமா மாத்தறது வேற. தெரியாதவங்க வலப்பக்கம் தள்ற பட்டனை மட்டும் அழுத்திட்டு உருது ரெடின்னு நினைச்சுப்பாங்க. பார்த்தா அப்படியேதான் இருக்கும். எழுத்தும் சரியா வரும். இந்தக் குறிங்க மட்டும் எதிர்ப்பக்கம் ஓடிடும். நூரு புது ஃபைல் திறந்தா முதல் வேலையா திசையைத்தான் மாத்துவான். ஒன்பது வருஷம் பார்த்திருக்கேன்!"

"அப்போ..."

"உருது எழுதவே தெரியாத யாரோ, நெட்ல தமிழ்லேருந்து உருதுக்கு மாத்தி, அப்படியே எடுத்து ஒட்டியிருக்காங்க. நூருவைக் கொன்னுட்டாங்கங்க!"

தினகரன் கடை வாசலில் நின்ற பழனியை ஒரு தரம் பார்த்தான்.

"போலீஸ்ல சொல்லிட்டியா?"

"இல்ல. இப்பதானே தோணுச்சு. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

"நல்லவேளை... உன்னைத் தப்பா நினைக்கப் போறாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லு. ஆமா... அதை எப்படித்தான் சரி பண்ணுவாங்க?"

"ரொம்ப சுலபம். எல்லாத்தையும் செலக்ட் பண்ணிட்டு, கன்ட்ரோலையும் வலது பக்க ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தணும். வரி இடப்பக்கம் ஓடினா, மறுபடி வலப்பக்கம் தள்ளணும். குறிங்க தன்னால இடம் மாறிடும்."

"ம்..." தினகரன் அவள் தலையைத் தடவினான். "நீ போ. ஷம்ஷாத் ஜி.ஹெச்சுல தனியா இருக்கும். இன்ஸ்பெக்டர்கிட்டயும் பேசு. கடையை நான் பார்த்துக்கறேன்."

எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டே ஆட்டோ ஏறினாள் புவனேஸ்வரி.

*

பன்னிரண்டு பத்து.

ஜீப் கடை வாசலில் கிறீச்சிட்டது. பிரியதர்ஷினி, புவனேஸ்வரி, ஷம்ஷாத் மூவரும் இறங்கினார்கள்.

"நீங்க சொல்றது மட்டும் நிஜமா இருந்தா, இது கொலை!" என்றாள் பிரியதர்ஷினி. "ஃபைலைத் திறங்க."

சைபர் ஆளும் வந்திருந்தான். அவன் கையுறை மாட்டிக்கொண்டு, புவனேஸ்வரி காட்டிய இடத்தில் தட்டினான்.

திரையில் மூன்று வரிகள் விரிந்தன.

புவனேஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மூன்று ஆச்சரியக்குறிகளும் இடது ஓரத்தில் நின்றன. மிகச் சரியாக!

"இன்னாமா இது?" பிரியதர்ஷினியின் புருவம் ஏறியது.

"மேடம்... காகிதத்துல..."

"பிரிண்டர் கோளாறு மேடம்." வாசலிலிருந்து தினகரன் அமைதியாகச் சொன்னான். "பழைய மிஷினு. உருது போட்டா இப்படித்தான் எதையாவது மாத்தி அடிச்சுடும். இவளுக்கு அவன் தம்பி மாதிரி. அதான் மனசு ஏத்துக்க மாட்டேங்குது. தப்பா எடுத்துக்காதீங்க."

பிரியதர்ஷினி பெருமூச்சு விட்டாள். காகிதத்தை மடிக்க ஆரம்பித்தாள்.

புவனேஸ்வரி நகரவில்லை.

பிரிண்டர் கோளாறா? ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த பிரிண்டர் ஒரு குறியை இடம் மாற்றியதில்லை. அப்படியானால் யாரோ ஃபைலைத் திருத்தியிருக்கிறார்கள். குறி தப்பான பக்கம் நிற்கிறது என்று தெரிந்த ஒருவர். எந்த விசையை அழுத்த வேண்டும் என்று தெரிந்த ஒருவர்.

அதை அவள் சொன்னது ஒரே ஒரு ஆளிடம்!

பதினோரு வருஷக் கல்யாணம். காலையில் அவள் தோளைச் சுற்றியிருந்த கை...

இப்போது வாயை மூடிக்கொண்டால் போதும். பிரிண்டர் கோளாறு. நூரு தற்கொலை. வீட்டுக்குப் போய் உலை வைக்கலாம். தாலி பத்திரம்!

ஷம்ஷாத்தைப் பார்த்தாள். அவள் இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை.

"மேடம்..." புவனேஸ்வரியின் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "அந்த ஃபைலைக் கடைசியா சேவ் பண்ணது எப்பன்னு பாருங்க."

தினகரனின் முகத்தில் விபூதிக்கும் தோலுக்கும் நிற வித்தியாசம் மறைந்தது.

சைபர் ஆள் இரண்டு தட்டுத் தட்டினான். "இன்னிக்கு, பதினொண்ணு பதினாலு மேடம்."

"எட்டு அம்பதுக்கே செத்துக் கிடந்தவன், பதினொண்ணேகாலுக்கு எழுந்து வந்து திருத்தினானா?" பிரியதர்ஷினி திரும்பினாள். "பழனி! உள்ள யாரு போனது?"

பழனிக்கு வேர்த்தது. "யாரும் போகல மேடம்... ஓனர் சார் மட்டும்தான்... யு.பி.எஸ். சூடாகுது, அணைக்கணும்னாரு... ரெண்டே நிமிஷம்..."

"ஈ எறும்பு நுழையாதுன்னியே!"

"சார் பெருசா இருந்தாரு மேடம்..."

தினகரன் ஓடப் பார்த்தான். பழனி இந்த முறை தவறவில்லை. ஒரே பிடி! சட்டைக் காலரோடு சுவரில் சாய்த்தான்.

"அந்த ஒப்பந்தத்தைத் திறங்க!" என்றாள் பிரியதர்ஷினி.

திரையில் இரண்டு பத்திகள். இடப்பக்கம் தமிழ். வலப்பக்கம் அரபி. புவனேஸ்வரி தமிழைப் படித்தாள்.

"'பட்டுச்சேலை ஷோரூமில் விற்பனை வேலை. தினம் எட்டு மணி நேரம்.'"

ஷம்ஷாத் அரபியைப் படித்தாள். படிக்கப் படிக்க முகம் மாறியது.

"இதுல ஷோரூமே இல்ல மேடம். பாலைவனத்துல ஆட்டுப் பட்டி வேலை. பாஸ்போர்ட் முதலாளிகிட்ட இருக்கும். நாலு வருஷத்துக்கு ஊர் திரும்பக் கூடாது..." விரல் கீழே இறங்கியது. "கீழ ஆளுங்க பேரு. தமிழ்ல எத்தனை பேருக்கா?"

"ஒன்பது."

"இங்க பத்து இருக்குது!"

"பத்தாவது யாரு?"

ஷம்ஷாத் நிமிர்ந்து புவனேஸ்வரியைப் பார்த்தாள்.

"வீட்டு வேலைக்குன்னு போட்டிருக்குது. அடுத்த மாசம் அனுப்பணுமாம். பேரு... புவனேஸ்வரி, கணவர் பேரு தினகரன். பாஸ்போர்ட் நம்பர்கூட இருக்குதுக்கா!"

கல்யாண நாளுக்கு டூர் போகலாம் என்று சொல்லி, மூன்று மாதம் முன்பு அவனே அலைந்து எடுத்துத் தந்த பாஸ்போர்ட்!

நூரு காட்ட நினைத்த பேப்பர் இதுதான்.

பிரியதர்ஷினி வாக்கி டாக்கியைக் கையில் எடுத்தாள். "தாமல் ஏரிக்கரை... ரெண்டு மணி வேன்... மடக்குங்க! உமாபதின்னு ஒருத்தன் கூட இருப்பான். அந்தப் பசங்க ஒருத்தர்கூட ஏர்போர்ட் பக்கம் போகக்கூடாது!"

தினகரன் உடைந்தான்.

"உமாபதிக்கு நான் பார்ட்னர் மேடம்... காலைல டீ வாங்கிக்கினு வந்தேன்... அதுல..."

புவனேஸ்வரி அவன் எதிரே போய் நின்றாள்.

"என்னை ஏன் வித்தீங்க?"

"கடை, வீடு எல்லாம் உன் பேர்ல... உங்கப்பா ஒரு செங்கல்லைக்கூட என் பேர்ல எழுதல..."

"சரி. நான் பொண்டாட்டி, வித்துட்டீங்க. நூரு இன்னா பாவம் பண்ணான்? அவன் கண்டுபிடிச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தினகரன் தலையைத் தூக்கினான். அந்த நிலையிலும் அவன் உதட்டில் ஒரு குரூரம்.

"நீதான் சொன்ன! நேத்து சாப்பிடறப்ப... 'நூரு ஏதோ பேப்பர் காட்டணும்ங்கறான், காலைல சீக்கிரம் போகணும்'னு நீதானே சொன்ன!"

புவனேஸ்வரி நூருவின் காலி நாற்காலியைப் பார்த்தாள்.

தம்பியைக் கொல்லப்போகிறவனுக்கு இலை போட்டுப் பரிமாறிக்கொண்டே, சேதியையும் பரிமாறியவள் அவள்தான்!

ஒரு கை அவள் கையைப் பற்றியது. ஷம்ஷாத். அப்போதுதான் அவள் முதல் முறையாக அழுதாள். இருவரும் அந்த நாற்காலியின் பக்கத்தில் நின்று சேர்ந்து அழுதார்கள். பிரியதர்ஷினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டேகாலுக்கு வாக்கி டாக்கி கரகரத்தது. வேன் மடக்கப்பட்டது. உமாபதி கையில் விலங்கு. ஒன்பது பேரும் பத்திரம்.

பழனி தினகரனை ஜீப்புக்குத் தள்ளிக்கொண்டு போனான். படியில் ஒரு கால் வைத்தவன் திரும்பினான். குரலில் பழைய குழைவு.

"புவனா... என்ன இருந்தாலும் நான் உன் புருஷன். ஒரு வக்கீலைப் பாரு. ஜாமீன் மனுவாவது டைப் பண்ணி வைம்மா..."

புவனேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பக்கத்துக்கு முப்பது ரூபா. புருஷனுக்கெல்லாம் டிஸ்கவுன்ட் கிடையாது!"