நான்காம் மொழி

அச்சாகி வந்த தாளில் தமிழுக்கும் கன்னடத்துக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விழுந்திருந்தது. விருசபதாசன் அப்படி ஓர் இடைவெளி விடச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் தான் தட்டிவைத்திருந்ததை மறுபடி எடுத்து, விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். முதலில் தமிழ், அடுத்துக் கன்னடம், கடைசியில் ஆங்கிலம். எங்கும் ஒரு பிசகும் இல்லை.

மகன் ஜினசந்திரன் சமண நூல்களைப் பல மொழிகளில் அச்சுக் கோப்பதற்கென்று சென்னையிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, அடி அண்ணாமலை வீட்டின் முன்னறையில் வைத்திருந்தான். அதில் படம் எதுவும் வராது. கறுப்புத் திரையில் ஒரு பச்சைக் கோடு கண் சிமிட்டிக்கொண்டு உத்தரவுக்காகக் காத்திருக்கும். அச்சுக் கோக்கும் புரோகிராமின் பெயரைத் தட்டி, எதைக் கோக்க வேண்டும் என்பதையும் தட்டினால், கோத்து முடித்த ஒவ்வொரு மொழியின் பெயரையும் ஒரு வரியில் காட்டிவிட்டுத் தாளைப் பிரிண்டருக்கு அனுப்பும். பெரியவர் பார்த்துப் பார்த்தே அதைக் கற்றுக்கொண்டிருந்தார். மகன் இன்று வெளியூர் போயிருந்தான். வீட்டில் இருந்தால் இந்தத் தாளை அச்சிட விட்டிருக்க மாட்டான்.

அது மரண அறிவிப்பு. 'எங்கள் குமாரத்தி கனகலதா காலமானாள்' என்று தொடங்கி, மூன்று மொழிக்கும் கீழே, தாளின் அடியில் 'இங்ஙனம், விருசபதாசன்' என்று முடிந்தது.

கனகலதா சாகவில்லை. கீழ்பென்னாத்தூரில் வேன் வைத்திருக்கும் ராஜமாணிக்கத்தோடு போய்விட்டாள். வேறு குலம், வேறு தெய்வம். குடும்பம் அன்றைக்கே அவளைத் தலைமுழுகியது. ஆனால் போன வாரம் ஆரணியில் ஒரு கல்யாணப் பந்தியில், "பொண்ணு வரலீங்களா?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். நான்கு தலைமுறையாகச் சபையில் தலை குனியாத வீடு. அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இந்தத் தாள். ஊர் உறவுக்குத் தமிழில், மைசூர்ப் பக்கத்து உறவுக்குக் கன்னடத்தில், பம்பாயில் இருப்பவர்களுக்கு ஆங்கிலத்தில்.

"பொழுது சாயுதுங்க," என்றாள் அவர் மனைவி தர்மதேவி, நிலைப்படியில் நின்று. இருட்டிய பிறகு அந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. "சூரியன் எறங்கறதுக்குள்ள ரெண்டு வாய் சாப்ட்டுடுங்க."

"பசி இல்ல."

"எப்படி இருக்கும்? பெத்த பொண்ணையே முழுங்கியாச்சே."

"தர்மா!"

"என்ன தர்மா? வயித்துப் பிள்ளக்காரி அவ. உங்க ஒருத்தருக்கு மட்டும் செத்துட்டாளா?"

பதிலுக்கு நிற்காமல் அவள் பின்கட்டுக் கிணற்றடிக்குப் போனாள். வாளி கல்லில் மோதும் ஓசை கேட்டது. தெருவில் பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்களின் பேச்சு, பட்டாணி வறுக்கும் மணல் வாசனை, தூரத்தில் ஒரு பஸ்ஸின் ஹாரன் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தன.

ஜன்னல் கம்பியில் ஒரு முகம் தெரிந்தது. ராஜமாணிக்கத்தின் வேன் ஓட்டும் வேடியப்பன். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"ஐயா, பாப்பாவுக்கு வலி கண்டுடுச்சிங்க. டவுன் ஆஸ்பத்திரில சேத்திருக்கு. ரத்தம் ஜாஸ்தியா போவுதுன்றாங்க. 'எங்கப்பாவ ஒரு தடவ கூட்டியா'னு அதையே சொல்லிக்கினு இருக்குது. வண்டி வெளியதான் நிக்குது. நீங்க வராட்டியும் அம்மாவையாச்சும் அனுப்புங்க."

கிணற்றடிக்கு இது கேட்டிருக்காது. விருசபதாசன் முதுகை நிமிர்த்தினார். அச்சான தாளைக் கம்பி வழியே நீட்டினார்.

"படிக்கத் தெரியுமில்ல? படி."

வேடியப்பன் எழுத்துக் கூட்டிப் படித்தான். முகம் மாறியது.

"உசுரோட இருக்கற பொண்ணுக்கு இத எப்படிங்க எடுத்துக்கினு போவேன்? நீங்களே வெச்சிக்குங்க." தாளை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நடந்தான். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

அவர் மறுபடி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். உத்தரவைத் தட்டினார்.

தமிழ். கன்னடம். ஆங்கிலம்.

அதன் கீழே நான்காவதாக ஒரு வரி வந்தது. அதில் மொழியின் பெயர் இல்லை.

பிரிண்டர் தமிழை அச்சிட்டது. பிறகு இடைவெளி வந்த இடத்தில் நிற்காமல் ஓடியது. ஊசிகள் தாளைக் குத்தின. ஆனால் மை விழவில்லை. எப்போதும் கரகரவென்று கத்தும் இயந்திரம் அந்த இடத்தில் மட்டும் மெல்ல, தட்டித் தூங்கவைப்பது போல ஓசையிட்டது. ரிப்பன் வாசனை போய் வேறொரு வாசனை வந்தது. சுட்ட வசம்பு. ஈரத் துணி. பிள்ளை பெற்ற அறையின் வாசனை.

தாளை எடுத்து ஜன்னலில் சாய்ந்து விழுந்த வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளையில் வெள்ளையாகப் புள்ளிகள் மேடு கட்டியிருந்தன. எழுத்து இல்லை. இரண்டு பாதங்கள்.

துறவி உடலை நீத்த இடத்தில், பாறையில் ஒரு ஜோடிப் பாதம் செதுக்கிவைப்பது அவர்கள் மரபு. அந்தப் பாதங்கள் முன்னால் அவர் எத்தனையோ முறை கைகூப்பியிருக்கிறார். இவை கல்லில் இல்லை. வலக்காலின் சுண்டு விரல் உள்நோக்கி மடிந்திருந்தது. கனகலதாவின் கால்.

அருகில் இன்னொரு ஜோடி. கட்டைவிரல் நீளம்கூட இல்லை.

"வேடியப்பா!" ஜன்னலில் முகத்தைப் பதித்துக் கத்தினார். "வண்டிய நிறுத்துடா! நான் வரேன்! வரேன்டா!"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேன் எப்போதோ போய்விட்டிருந்தது.

திரும்பி ஓடி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, தட்டிவைத்ததை அழித்தார். முழுவதையும் அழித்தார். மகளின் பெயர் போனது. தன் பெயர் போனது. பச்சைக் கோடு வெறுமையில் சிமிட்டியது.

உத்தரவு எதுவும் தராமலே பிரிண்டர் ஓடியது.

அடுத்த தாள். அழித்த அறிவிப்பே மறுபடி வந்தது. பெரிய பாதங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. சின்னவை கொஞ்சம் கீழே இறங்கியிருந்தன.

அடுத்தது. ஆங்கிலத்தைத் தாண்டியிருந்தன.

அடுத்தது. 'இங்ஙனம்' என்ற சொல்லுக்குக் கீழே. அவர் பெயரின் மேல்.

மின்சாரம் போனது. திரை இருண்டது. பிரிண்டர் நிற்கவில்லை.

கிணற்றடியிலிருந்து தர்மதேவியின் குரல் வந்தது. "யாருங்க வந்திருக்காங்க? கொழந்த அழுவற சத்தம் கேக்குதே?"

பிரிண்டர் ஓய்ந்தது. கடைசித் தாள் அறுந்து தரையில் விழுந்தது. அதிலிருந்து சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஈரமான சின்னக் காலடி. ஒன்று. பக்கத்தில் ஒன்று. நாற்காலியை நோக்கி.

கால்களை மேலே இழுக்க நினைத்தார். முடியவில்லை.

நடை பழகிய காலத்தில் கனகலதா இந்த அறையில்தான் அவர் பாதங்களின் மேல் ஏறி நின்று, வேட்டியைப் பிடித்துக்கொண்டு, அவரை நடக்கச் சொல்லிச் சிரிப்பாள்.

சில்லென்று ஏதோ பட்டது. இடப் பாதத்தின் மேல். பிறகு வலப் பாதத்தின் மேல். கனமே இல்லை. ஈரம் மட்டும். முழங்காலுக்குக் கீழே வேட்டி இரண்டு பிடியாகச் சுருங்கியது.

அவர் நடப்பதற்காக அது காத்து நின்றது.