உறவுமானி பதித்த சுவர்

"கால் பக்கம் நல்லாத் தூக்கு பல்கீஸ்! அண்ணன் சரியிறாரு பாரு!"

ஆறாவது மாடியிலிருந்து சூசையைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு நான்கு பெண்கள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். டயாலிசிஸுக்குப் போகும் நாளெல்லாம் இதே பாடுதான். லிஃப்ட் நின்று ஒரு வருடம் ஆகிறது.

மாடிப்படிச் சுவருக்குள் உறவுமானி பச்சையாய் மின்னியது. யார் யாருக்குக் கை கொடுக்கிறார், யார் யாரோடு பேசுகிறார் என்று கவனித்து, அடுக்ககத்தின் ஒற்றுமைக்கு மதிப்பெண் போடும் கருவி அது. 'வீடு மட்டுமல்ல, உறவும் தருகிறோம்' என்று வீட்டு வாரியம் எல்லாக் குடியிருப்புகளிலும் அதைப் பதித்திருந்தது.

ஆய்வுக்கு வந்திருந்த வாரிய அதிகாரி கபிலன் பின்னாலேயே இறங்கினார்.

"பிரமாதம்மா! உங்க பிளாக்தான் முதலிடம்."

"முதலிடம்னா லிஃப்ட் எப்ப சார் ஓடும்?" சூசையின் மனைவி ரெஜினா மூச்சு வாங்கக் கேட்டாள்.

"அதுதாம்மா விஷயமே. லிஃப்ட் ஓடுற பிளாக்ல யாரும் யாரையும் கண்டுக்கறதில்ல. நின்னதுக்கப்புறம்தான் உங்க மதிப்பெண் ஏறுச்சு. அதனால ரிப்பேர் வேணாம்னு கருவியே முடிவு பண்ணிடுச்சு."

ஐந்தாவது மாடித் திருப்பத்தில் நாற்காலி நின்றது.

"வேணும்னே நிறுத்தி வச்சிருக்கீங்களா?" பல்கீஸ் கத்தினாள். "எங்க இடுப்பு ஒடியறது உங்களுக்கு மார்க்கா?"

"என்னைத் திட்டி என்னம்மா பண்றது? மதிப்பெண் விழுந்தாத்தான் லிஃப்ட் ஓடும்."

சூசை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப என்னைக் கீழ வைங்க. எல்லாரும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்துங்க."

"யோவ், உசுரோட விளையாடறியா? ஆஸ்பத்திரிக்கு நேரமாவுது!"

"போ ரெஜினா. ரோஷம் இருந்தா எல்லாரும் போங்க."

ரெஜினா அழுதுகொண்டே போனாள். கதவுகள் ஒவ்வொன்றாய் அறைந்து சாத்தப்பட்டன. சுவரின் பச்சை மங்கிச் சிவந்தது.

குறுகலான படி. நாற்காலியைத் தாண்டி இறங்கக் கபிலனுக்கு வழியில்லை.

"இன்னைக்கு டயாலிசிஸ் பண்ணலைன்னா எனக்கு மூச்சு முட்டிடும் சார். அப்ப பக்கத்துல இருந்தது நீங்கதான்னு உங்க சுவரே சொல்லும்ல?"

கபிலன் ஓடிப்போய்க் கதவுகளைத் தட்டினார். ஒன்றும் திறக்கவில்லை. திரும்பி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, சூசையை முதுகில் ஏற்றிக்கொண்டு, காலி நாற்காலியைக் காலால் ஓரம் தள்ளினார்.

இரண்டு படி இறங்குவதற்குள் சுவர் பளிச்சென்று பச்சையானது. இனிமையான குரல் ஒன்று பேசியது: "வாழ்த்துகள்! புதிய உறவு பதிவானது. லிஃப்ட் நிறுத்தம் மேலும் ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது."

கபிலன் சுவரை ஓங்கி உதைத்தார்.

"பாத்து சார்," என்றார் சூசை. "இன்னும் அஞ்சு மாடி இருக்கு."