சவுக்காரத் தண்ணீர்

சுடலைமுத்து இரவல் உழவு மெசினோடு பாலையடி மதகுக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். கதிர்காமநாதனின் பிக்கப் மதகுக்கு நேர்மேலே, தெரு நடுவில் நின்றது. ஆள் கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில், இடுப்புச் சாரத்தின் நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார்.

"என்னங்கய்யா, இப்படி நாறுது?"

"நாயொண்டு செத்துக் கிடக்குதுபோல. நீ கயித்தைக் கட்டு. கெதியா இழுத்துக்கொண்டு போவம்."

மூக்கோடு நிற்கிற நாற்றமில்லை அது. வாயைத் திறந்தால் நாக்கில் வந்து படிந்தது. சுடலைமுத்து இரண்டு தரம் துப்பிவிட்டுக் கயிற்றை எடுத்தான்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆவணி. இராணுவத்தின் வவுனியாத் தடைமுகாமைத் தாண்டி ஒரு போத்தல் பிரேக் எண்ணெய் வன்னிக்குள் வராத காலம். வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பிரேக்குக்கு உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்தைக் கரைத்து ஊற்றினார்கள். அதைப் பதமாகக் கரைத்து ஊற்றத் தெரிந்தவன் ஜெயபுரத்தில் சுடலைமுத்து ஒருவன்தான். கதிர்காமநாதனின் வாகனத்துக்கும் அவன்தான் பிரேக் பார்ப்பது. அதிலேதான் ஜெயபுரத்துப் பெண்கள் அவருடைய வயலுக்கு நெல் அருவி வெட்டப் போய்வந்தார்கள்.

அப்படிப் போனவர்களில் நிரோஜா மட்டும் ஐந்து நாளாகத் திரும்பவில்லை. பேச்சியம்மாவின் மகள், கைக்குழந்தைக்காரி. அன்றைக்குப் பால் கட்டி நெஞ்சு நோகுது என்று சொல்லி, மற்றவர்களுக்கு முன்னமே கதிர்காமநாதனோடு தனியே புறப்பட்டாளாம். முழங்காவில் சந்தியில் இறங்கி, வவுனியா நெளுக்குளத்திலுள்ள புருசனிடம் போகிறேன் என்று பஸ் ஏறிவிட்டாள் என்றார் அவர். ஊர் நம்பியது. பிள்ளையைப் போட்டுவிட்டு ஓடின கழுதை என்று தேநீர்க் கடையில் யாரோ சொன்னபோது சுடலைமுத்துவும் சேர்ந்து சிரித்தான். பிள்ளை சீனித் தண்ணியில் வற்றிக்கொண்டு கிடந்தது.

கயிற்றைக் கட்டி மெசினை எடுத்தான். கயிறு விறைத்தது. மெசினின் முன் சில்லுகள் நிலத்தைவிட்டு ஒரு சாண் எழும்பின. பிக்கப் அசையவில்லை.

"நாலு சில்லும் இறுகிப்போச்சுங்க. நிப்பிளைத் திறந்து தண்ணியை விட்டாத்தான் பிரேக் விடும்."

"திறக்காதை. இழு."

"கயிறு அறுந்துருமுங்க."

அவர் மரத்தடியை விட்டு வரவில்லை.

சுடலைமுத்து பின்சில்லுக்குக் கீழே மல்லாக்கப் படுத்து நிப்பிளில் சாவியைக் கொழுவினான். அரைச் சுற்றுச் சுற்றியதும் வெள்ளையாகச் சீறியது. முகத்தில், உதட்டில், திறந்திருந்த வாய்க்குள்.

சூடாக இருந்தது.

சவுக்காரத் தண்ணியென்றால் வாய் எரியும், நுரைக்கும். இது நுரைக்கவில்லை. முதலில் மெல்லிய இனிப்பு. பிறகு அடித்தொண்டையில் புளித்த வாடை. சுடலைமுத்து மூன்று பிள்ளைகளைப் பெற்றவன். மனைவியின் சட்டையிலும் பாயிலும் மாதக்கணக்காக இந்த வாடையோடு படுத்தெழும்பியவன். அவனுக்குத் தெரிந்தது.

தாய்ப்பால்.

தலையைத் திருப்பிக் குடல் வெளியே வருகிற மாதிரிச் சத்தி எடுத்தான். எடுத்து முடிய முன்னமே இன்னொரு வீச்சு வந்து கழுத்தில் அடித்தது. இப்போது திரைந்திருந்தது. வெள்ளைக் கட்டிகள் கன்னத்தில் ஒட்டி வழுகின. சீறும், நிற்கும். சீறும், நிற்கும். மேலே பெடல் அமுங்கி எழும்பும் சத்தம்.

"ஐயா, பெடலை மிதிக்காதீங்க."

சில்லுகளுக்கு இடையால் பார்த்தான். கதிர்காமநாதனின் கால்கள் அந்த மரத்தடியிலேயே இருந்தன.

பெடல் மறுபடியும் அமுங்கியது.

சுடலைமுத்து புரண்டு வெளியே வந்து கதவைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தான். சாரதி சீற்றில் யாருமில்லை. பெடல் மெதுவாகக் கீழே போனது. மெதுவாக மேலே வந்தது.

பிரேக் பம்புக்குள் ஒரு பேணி தண்ணிதான் பிடிக்கும். தெருவில் ஒரு வாளிக்கு மேல் ஓடிக்கிடந்தது. அது பள்ளத்தைப் பார்த்துப் போகவில்லை. மதகின் மேட்டில் ஏறி, ஓரக் கட்டால் வழிந்து, கீழே இறங்கியது. அதன் நீளத்துக்கு இலையான்கள் மொய்த்தன.

அவனும் இறங்கினான்.

மதகுக் குழாய்க்குள் வயலின் கழிவுத் தண்ணி தேங்கி முழங்காலளவு கறுத்த சேறு. அதில் பாதி புதைந்து நிரோஜா கிடந்தாள். முகம் ஊதி, யாரென்று சொல்ல முடியாமலிருந்தது. இன்னும் இடுப்பிலே செருகியிருந்த அருவி வெட்டும் தாக்கத்திதான் அவளென்று காட்டியது. வாய்க்குள்ளும் கண்ணுக்குள்ளும் புழு நெளிந்தது. இரண்டு கையாலும் சேற்றைப் பிறாண்டி, குழாயின் வாசல்வரைக்கும் தன்னை இழுத்து வந்திருந்தாள். மேலிருந்து ஒழுகியது அவளுடைய நெஞ்சில் சொட்டிக்கொண்டிருந்தது.

சுடலைமுத்து மேலே ஏறி வந்தான். கதிர்காமநாதன் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"பிரேக் பிடிக்கேல்லை முத்து. பின்பெட்டியிலை இருந்தவள். தூக்கி எறிஞ்சு போட்டுது."

"உடனேயே செத்துட்டாளா?"

அவர் சாரத்தால் முகத்தைத் துடைத்தார்.

"இல்லை. கதைச்சவள். இடுப்புக்குக் கீழை அசையேல்லை. பிள்ளைக்குப் பால் குடுக்கோணும், வீட்டை கொண்டுபோய் விடுங்கோ எண்டு ஒரே கரைச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா விசாரணை வரும், வாகனத்தைப் பறிச்சுப் போடுவாங்கள். பின்னேரம் வந்து பாப்பம் எண்டு மதகுக் குழாய் நிழலுக்கை இறக்கிவிட்டனான்."

"வந்து பாத்தீங்களா?"

"அடுத்தநாள் இதாலைதான் போனனான்." அவருடைய குரல் தாழ்ந்தது. "சத்தம் கேட்டது. நிப்பாட்டேல்லை."

சுடலைமுத்துவின் வாயில் அந்தப் பால் இன்னும் இருந்தது. தேநீர்க் கடையில் சிரித்த சிரிப்பும் அதே வாயில்தான் இருந்தது. கொழுவியிலிருந்து கயிற்றை அவிழ்த்தான்.

"அவிழ்க்காதை முத்து. அவளைப் பிறகு பாப்பம். முதல்லை வாகனத்தை எடுப்பம்."

அவரை அடிக்கவும் அவனுக்குக் கை வரவில்லை. அந்தத் தோலைத் தொடவே அருவருத்தது. மெசினில் ஏறி ஊருக்குப் போய்ப் பேச்சியம்மாவிடம் சொன்னான். அவள் அழவில்லை. பிள்ளையை மடியிலிருந்து இறக்காமல், "அவ ஓடலதானே? ஓடலதானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஊரே திரண்டு போய் நிரோஜாவைப் பாயில் சுற்றி எடுத்து வந்தது. கதிர்காமநாதனை அன்று பின்னேரமே இயக்கத்துக் காவல்துறையினர் விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள்.

சுடலைமுத்து நாலு நாள் சோறு தின்னவில்லை. வேப்பங்குச்சியால் ஈறு கிழியுமட்டும் பல் தேய்த்தான்.

பிள்ளைக்கு அடுத்த வளவு ஜெயரூபி பால் கொடுத்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். அவளுக்கும் ஒரு கைக்குழந்தை. கொடுக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் விடிய அவள் சுடலைமுத்துவின் படலையில் வந்து நின்றாள்.

"அண்ணை, இனி என்னாலை அங்கை போகேலாது. பேச்சியம்மாவுக்கு நீங்கள் சொல்லுங்கோ."

"ஏன் தங்கச்சி? புள்ள குடிக்க மாட்டேங்குதா?"

"பிள்ளை குடிக்கும். நான் தூக்கக் கை நீட்டினா..." அவள் குரலைத் தணித்தாள். "ஆரோ என்ரை கையைப் பிடிச்சு எடுத்து விடுகினம். கோவமா இல்லை அண்ணை. மெதுவா. நான் தாறன், நீ விடு எண்ட மாதிரி."

"பயத்துல அப்படித் தோணும்."

ஜெயரூபி முந்தானைக்குள் இருந்த வலக்கையை வெளியே எடுத்தாள். மணிக்கட்டைச் சுற்றி நாலு விரலும் ஒரு பெருவிரலும் பதிந்த தடம். கறுத்த சேறு. இன்னும் காயவில்லை.

ஜெயபுரத்தில் மழை பெய்து மூன்று மாதமாகியிருந்தது.