அட்டையின் கடைசி வரி

ஜெகதீசன் தன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை என்பதைத் தமீம் புதன்கிழமை காலையில்தான் கவனித்தான். பார்க்காமல் இல்லை, பார்த்தான். ஆனால் அந்தப் பார்வை முகத்தில் நிற்காமல் இடது தோளுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளிப் போய் நின்றது. டீயை நீட்டும்போதும் அப்படித்தான். தமீம் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். எண்ணூர் சாலையில் டிரெய்லர் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன, மணலிப் பக்கமிருந்து அழுகிய முட்டை வாடை வந்து தொண்டையில் உட்கார்ந்தது. வேறு ஒன்றுமில்லை.

"இன்னா மாமே, அங்க இன்னாத்தப் பாக்குற?"

"ஒன்னும் இல்ல," என்றான் ஜெகதீசன். "டீ ஆறுது, குடி."

ஜெகதீசன் கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்துகொண்டு மூன்று வாரம் ஆகிறது. பாட்டில் அடிக்கண்ணாடி போல ஒரு கண்ணாடியைப் பத்து வருஷம் மூக்கில் சுமந்தவன், இப்போது வெறும் முகத்தோடு நடமாடினான். எப்படியிருக்கிறது என்று தமீம் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான் சொன்னான். "நல்லா தெரியுது. ரொம்ப நல்லா தெரியுது." சந்தோஷமாகச் சொல்லியிருந்தால் தமீம் நம்பியிருப்பான். கண் கெட்டுப் போய்விட்டது, வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று மறைக்கிறான், அதுதான் எங்கோ பார்க்கிறான் என்று தமீமுக்குத் தோன்றியது. ஜெகதீசன் போன அதே கிளினிக்கில், வருகிற திங்கட்கிழமை, தமீமுக்கும் லேசருக்கு நாள் குறித்தாகிவிட்டது.

திருவொற்றியூரைத் தாண்டியிருந்த அந்தக் கன்டெய்னர் யார்டில் இரண்டு பேருக்கும் ஒரே வேலை, பெட்டி எண்ணைச் சரிபார்க்கிற டேலி வேலை. பெட்டியை ஒப்படைக்கிறவன் அதன் மேல் இருக்கிற எண்ணை உரக்கப் படிப்பான். எடுத்துக்கொள்கிறவன் எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொல்லிவிட்டு 'ஓகே' என்பான். அந்த ஓகே விழுந்த நொடியிலிருந்து பெட்டி அவன் பேரில். உள்ளே பஞ்சா பாம்பா என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்லிச் சொல்லி அது நாக்கிலேயே ஊறிவிட்டது. வீட்டில் மனைவி ரூஹி கடைக்கு எழுதிய சாமான்களைப் படித்தால்கூடத் தமீம் திருப்பிச் சொல்லி ஓகே போடுவான். அவளும் கேலியாக ஆரம்பித்து, கடைசியில் அவளுக்கும் அதே வழக்கமாகிவிட்டது. அவன் எதைப் படித்தாலும் அடுப்படியிலிருந்து எதிர்க்குரல் வரும், கடைசியில் ஒரு ஓகேயோடு.

யார்டுக்குப் புதுக் கிரேன் வந்திருந்தது. மேலே கூண்டில் உட்கார்ந்து ஓட்டுகிற வேலைக்கு உள்ளேயிருந்தே ஆள் எடுக்கிறார்கள். வெயில், மழை, புழுதி எதுவும் தீண்டாத இடம். ஒன்பது வருஷமாகக் கீழே நின்று அண்ணாந்து பார்த்த இடம். ஆனால் கண்ணாடி இல்லாமல் பார்வை சரியாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தமீமுக்கு மைனஸ் ஏழு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் உட்கார்ந்திருக்கிற பெண்டாட்டி முகமே தண்ணீரில் விழுந்த காகிதம் மாதிரி ஊறிப் போய்விடும். மருத்துவச் சோதனைக்கு இன்னும் ஒரு மாதம்தான்.

சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் பழையதையெல்லாம் கிளறும். சனிக்கிழமை டோல்கேட் பக்கம் அந்த மாடிக் கிளினிக்குக்குப் போனதை நினைத்துப் பார்த்தான். டாக்டர், வாசலில் சீட்டு எழுதுகிறவர், கண் சோதிக்கிற செல்லக்கனி என்ற பெண், மூன்று பேரும் கனமான கண்ணாடி போட்டிருந்தார்கள். லேசர் கடையில் இதென்ன கூத்து என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

"நீ ஏம்மா பண்ணிக்கல?"

"எங்களுக்கு இதுவே போதும் சார்," என்றாள் செல்லக்கனி. அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைக்கிற வரைக்கும் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடியிருந்தாள். மறுபடி மாட்டிக்கொண்ட பிறகுதான் திறந்தாள். அன்றைக்கு அது அவனுக்கு ஒரு விஷயமாகப் படவில்லை.

சோதனை அறையில் ஸ்பிரிட் வாடையும், பூட்டிக் கிடந்த பீரோவைத் திறந்தது போல ஒரு பழந்துணி வாடையும் இருந்தன. விளக்கை அணைத்தார்கள். எதிர்ச் சுவரில் எழுத்து அட்டை மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தது, அதன் பக்கத்தில் செல்லக்கனி குச்சியோடு நின்றாள். கண்ணாடி இல்லாமல் படிக்கச் சொன்னாள். மேலே இருந்த பெரிய எழுத்தே அவனுக்குப் புகையாகத்தான் இருந்தது. குச்சி கீழே கீழே இறங்கிக் கடைசி வரிக்கு வந்தபோது, பின்னாலிருந்து யாரோ மெதுவாக எடுத்துக்கொடுத்தார்கள். 'ட, ர, ப, ய, ம, ன, வ.' பள்ளிக்கூடத்தில் பின் பெஞ்சுக்காரன் விடை சொல்வது போல, காதோரம், காய்ந்த குரலில். டாக்டர்தான் உள்ளே வந்து உதவி செய்கிறார் என்று நினைத்தான். எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொன்னான். பழக்க தோஷம், கடைசியில் 'ஓகே' என்றும் சொல்லிவைத்தான்.

விளக்கு எரிந்தது. பின்னால் யாரும் இல்லை, கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. செல்லக்கனி எதுவும் எழுதிக்கொள்ளாமல் பேனாவை மூடினாள். "கடைசி வரிய எப்டி சார் படிச்சீங்க?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள். "தெரிஞ்சுதும்மா," என்று அவன் புளுகினான். அடுத்த அறையில் டாக்டர் ஃபைலைக்கூடப் பார்க்காமல், உங்களுக்கு ஒரு தடையும் இல்லை, அடுத்த திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றார்.

அந்தப் புதன்கிழமை மதியம் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனான். தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி ஒளு செய்யக் கண்ணாடியைக் கழற்றிக் குழாய்த் திண்டில் வைத்தான். எல்லாம் கரைந்து போனது. பக்கத்தில் குனிந்திருந்தவர்கள் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகளாக அசைந்தார்கள், தண்ணீர்ச் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. முகம் கழுவி நிமிர்ந்தபோது, இடது பக்கத்துத் திண்டில் ஒரு கை இருந்தது.

அந்தக் கை மட்டும் கரையவில்லை. விரல் மடிப்புகள் தெரிந்தன. நகங்களுக்குள் படிந்திருந்த அழுக்கு தெரிந்தது. வெகுநேரம் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய தோலின் ஒவ்வொரு வரியும் தெரிந்தது. எத்தனையோ வருஷமாகக் கண்ணாடி இல்லாமல் அவன் எதையும் அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. தடவித் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டினான். பக்கத்துக் குழாய் காலியாக இருந்தது. திண்டு காய்ந்திருந்தது.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, ஊருக்குள் இருக்கிற பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனான். ஒருவருக்கு இரண்டு டாக்டரைக் கேட்டுவிடலாம் என்று ரூஹியிடம் சொன்னான். கையைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. அங்கே நாலு மெஷினில் முகவாயை வைக்கச் சொன்னார்கள். கண்ணாடியைக் கழற்றிய நேரமெல்லாம் அவன் நேரே மட்டும் பார்த்தான். கழுத்தைத் திருப்பவில்லை. இருந்தும் இடது ஓரத்தில் ஏதோ ஒரு கன்னத்தின் விளிம்பு, கத்தியால் கீறியது போலத் தெளிவாக, கூடவே வந்துகொண்டிருந்தது.

"கருவிழி ரொம்ப மெலிசா இருக்குங்க," என்றார் டாக்டரம்மா. "லேசர் உங்களுக்கு ஒத்துவராது. வேற எங்கயாவது சரின்னு சொன்னாலும் பண்ணிக்காதீங்க."

ஒருவர் தடையே இல்லை என்கிறார், ஒருவர் கூடவே கூடாது என்கிறார். யாரை நம்புவது? கண்பாப்பாவைப் பெரிதாக்கும் சொட்டு மருந்து வேறு போட்டு அனுப்பிவிட்டார்கள். கண்ணாடிக்கு மேல் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தகட்டைச் செருகிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து வந்தான். வெயில் ஊசி ஊசியாக இறங்கியது, சாலை முழுவதும் வெள்ளையாக எரிந்தது. தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்ததும் ரூஹி ஜன்னல்களையெல்லாம் சாத்திப் போர்வையைத் தொங்கவிட்டாள். பட்டப்பகல் மூன்று மணிக்கு அறை சாயங்காலம் போல ஆயிற்று.

"கண்ணாடியோடதான உன்னக் கட்டிகினேன்," என்றாள் ரூஹி, அவன் தலையைத் தடவிக்கொண்டே. "கிரேனு போனா போவுது, வுடு. மூஞ்சி ஏன் இப்டி கீது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னு, எதையாச்சும் நெனச்சிகினே கெடக்காத. டீ போட்டாறேன்."

ரூஹிக்குக் கழுகுக் கண். மொட்டைமாடியில் நின்று தெருமுனை பஸ் நம்பரைப் படிப்பாள், இருட்டில் ஊசி கோப்பாள். பிறந்ததிலிருந்து கண்ணாடி போட்டதில்லை. அவள் கை பட்ட இடத்தில் அவனுக்குத் தெம்பு வந்தது. லேசர் வேண்டாம் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தான். அவள் அடுப்படிக்குப் போனதும் ஜெகதீசனுக்குப் போன் போட்டுச் சொன்னான்.



"நல்லதாப் போச்சு," என்றான் ஜெகதீசன். "கண்ணாடியக் கழட்டாத. கண்ணாடி வழியாப் பாத்தா அது தெரியாது. எனுக்கு இப்ப கழட்ட ஒன்னுமில்ல மாமு. இருவத்திநாலு மணி நேரமும் தெரியுது."

"எது?"

"எடது பக்கம். எனுக்கு ஒன்னு கீது. திங்கக்கெழமைலேந்து ஒனக்கும் ஒன்னு கீது. நேத்து ஒரு மொழம் தள்ளி நின்னுச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? நீயாப் போனப்ப, எனுக்கு மட்டுந்தான் அப்டின்னு நெனச்சேன்." குரல் இறங்கியது. "அந்த ரூம்ல கடைசி வரிய யாராச்சும் எடுத்துக் குடுத்தாங்களா?"

"ஆமா."

"திருப்பிச் சொல்லி ஓகே போட்டியா?"

"பழக்கத்துல போட்டுட்டேன்."

"நானும் போட்டேன். வேற எவன் போடுவான்? டேலிக்காரன்தான் போடுவான். பெட்டி நம்ம பேர்ல எறங்கிச்சு. இன்னொருத்தர் ஓகே சொன்னாத்தான் கைய வுட்டுப் போவும். எங்க வூட்ல பொண்ணு கீது, அதான் நான் வாயக் கட்டிகினு கீறேன். நீயும் யாராண்டயும் எதயும் படிச்சுக் காட்டாத. தோ பாரு, அது ஒன்கொரல்லயே..."

லைன் அறுந்தது.

அறை அமைதியாக இருந்தது. அடுப்படியில் பால் பொங்குகிற சத்தம். டம்ளர் வைக்கிற சத்தம். பூட்டிக் கிடந்த பீரோவின் பழந்துணி வாடை, இந்த வீட்டில் பீரோவே இல்லை. தமீம் கண்ணாடியின் இரண்டு காம்பையும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். உதட்டைக் கடித்துக்கொண்டான். படிக்க மாட்டான். பேசவே மாட்டான். ஆயுசுக்கும்.

காதோரம் மூச்சு.

"ட," என்றது.

அவன் குரல். அவனுடைய சொந்தக் குரல், யார்டில் கூவுகிற அதே சத்தம், அதே இழுப்பு. அவன் உதடுகள் மூடியிருந்தன.

"ர. ப. ய."

கத்த வாய் திறந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது.

"ம. ன. வ."

அடுப்படியில் டம்ளர் சத்தம் நின்றது. ரூஹி சிரிக்கிறாள்.

"இன்னும் வுடலியா அத? ட, ர, ப, ய, ம, ன, வ," என்றாள் பாட்டுப் போல. "ஓகே."

மூச்சு நின்றது. வாடை நின்றது. தோளிலிருந்து ஏதோ கனம் இறங்கியது, ஐந்து நாளாக அங்கே இருந்ததென்று இறங்கியபோதுதான் தெரிந்த கனம். தமீம் கறுப்புத் தகட்டை உருவினான். கண்ணாடியைக் கழற்றினான். இடது பக்கம் திரும்பினான்.

மங்கல். சுவர், ஜன்னல், போர்வை, எல்லாம் வெறும் மங்கல். ஒன்றும் இல்லை. போய்விட்டது.

கொலுசுச் சத்தம் கேட்டது. வாசற்படியில் ரூஹி வந்து நின்றாள். ஊறிப்போன முகம், ஊறிப்போன மஞ்சள் சேலை, கையில் டம்ளர் என்று நினைக்கத்தக்க ஒரு வெளிச்சப் புள்ளி. அவளுடைய இடது தோளுக்கு மேலே, கன்னத்தோடு கன்னம் ஒட்டி, இன்னொரு முகம். இமைமுடி ஒவ்வொன்றையும் எண்ணலாம். வெடித்த உதடுகள் அடுத்த எழுத்துக்காகக் குவிந்திருந்தன.

"இன்னா," என்றாள் ரூஹி. "எனுக்குப் பின்னால இன்னாத்தப் பாக்குற?"

கேட்டுக்கொண்டே அவள் மெதுவாகத் திரும்பினாள்.